ஏவலிலிருந்து வியங்கோளுக்கு: கணினிக் கொள்கலன்களின் வரலாறு

தமிழ் இலக்கணம் வினைமுற்றுகளை வகுக்கும்போது ஏவல், வியங்கோள் என்னும் இரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. ‘எடு’, ‘வை’, ‘செல்’ என்பன ஏவல். எதிரே நிற்பவரை நோக்கி இடப்படும் கட்டளை அது. முன்னிலைக்கு மட்டுமே உரியது. ‘வாழ்க’, ‘வருக’, ‘ஒழிக’ என்பன வியங்கோள். இருதிணைக்கும் ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் அது பொதுவாய் நிற்பது. ஆளைச் சுட்டவேண்டிய தேவை அதற்கு இல்லை. இந்நிலை உண்டாகுக என்று சொல்லி அமைவது. வாழ்த்தல், வைதல், வேண்டல், விதித்தல் என்னும் பொருள்களில் அது வரும் என்பர் இலக்கண நூலார்.

இலக்கணத்துக்கு மிகத் தொலைவிலுள்ள ஒரு தொழிலின் வரலாற்றை விளங்கிக்கொள்ளவும் இவ்வேறுபாடு துணைசெய்கிறது. வங்கிக் கணக்குகளையும் பயணச்சீட்டு முன்பதிவுகளையும் வலைத்தளங்களையும் தாங்கி இரவும் பகலும் ஓடும் கணினிகளைச் சர்வர் என்றும் வழங்கி என்றும் கூறுவர். அவ்வழங்கிகளில் மென்பொருளை நிறுவுதலும், அது நின்றுபோகாமல் காத்தலும், பழையதை நீக்கிப் புதியதை அமர்த்தலும் ஒரு தொழில். நெடுங்காலம் அது ஏவலால் நடந்தது. இன்று பெரும்பாலும் வியங்கோளால் நடக்கிறது. இம்மாற்றம் நிகழ்ந்த விதமும், அதனால் மனிதர் பெற்றதும் இழந்ததும் சொல்லத்தக்கன.

பெயர் பெற்ற எந்திரங்கள்

1990 ஆகஸ்டில், இணையத்துக்கான நெறிகளை வெளியிடும் ஆவணத் தொடரில் 1178 என்னும் எண்ணிட்ட சிற்றாவணம் ஒன்று வெளிவந்தது. எழுதியவர் டான் லைப்ஸ். பொருள்: கணினிக்குப் பெயரிடுவது எப்படி? ஒரு பணித்திட்டத்தின் பெயரைக் கணினிக்கு இடவேண்டா. திட்டம் மாறும், பெயர் நின்றுவிடும். சொந்தப் பெயரையும் இடவேண்டா. நிறங்கள், தனிமங்கள், புராணங்களில் வரும் இடங்கள் போன்ற தொகுதிகளிலிருந்து பெயர்களைத் தேர்ந்துகொள்க. இவ்வாறு செல்கிறது அதன் அறிவுரை.

பொறியியல் ஆவணத் தொடரில் பெயர்சூட்டலுக்கு இடம் கிடைத்ததற்குக் காரணம் இருந்தது. அக்காலத்து வழங்கி ஒவ்வொன்றும் தனிப்பிறவி. ஒருவர் அதன்முன் அமர்ந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் செய்து அதனை உருவாக்குவார். நாளடைவில் இங்கே ஒரு கோப்பைத் திருத்துவார். அங்கே ஓர் இணைப்பை மாற்றுவார். ஐந்தாண்டு கழித்து, அவ்வெந்திரம் ஏன் இவ்வாறு இருக்கிறது என்பதற்கு விடை அவர் நினைவில் மட்டுமே இருக்கும். மாலையில் அந்நினைவு அவரோடு வீட்டுக்குப் போகும். அவர் பணியை விட்டு விலகினால் அதுவும் விலகும். எந்திரம் பழுதுற்றால் அதனை மறுபடி அவ்வாறே கட்ட எவராலும் இயலாது.

வாய்மொழியாக மட்டும் வழங்கிய பாட்டு, பாடுபவரோடு மறைந்துபோவதைத் தமிழர் அறிவர். வழங்கிகளின் உலகிலும் அதே இழப்பு அன்றாடம் நேர்ந்துகொண்டிருந்தது. நினைவிலுள்ளதை எழுத்தில் கொண்டுவருதலே அத்தொழிலின் முதல் தேவையாயிற்று.

ஆஸ்லோவில் ஒரு தொடக்கம்

எழுத்துமுறை ஒன்றைத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் மார்க் பர்ஜஸ். இயற்பியலாளர். 1993 இல் நார்வே நாட்டு ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், பலவகைப்பட்ட யூனிக்ஸ் கணினிகளைப் பேணும் தொல்லையைத் தீர்க்க ‘சிஎஃப்எஞ்சின்’ என்னும் மென்பொருளை எழுதினார்.

அதற்குமுன் இத்தகைய பணிக்குக் கட்டளைத் தொடர்களே கருவி. கட்டளைத் தொடர் முழுவதும் ஏவல். ‘இக்கோப்பில் இவ்வரியைச் சேர்’ என்று அது சொல்லும். அதனைப் பத்துமுறை இயக்கினால் அவ்வரி பத்துமுறை சேரும். பர்ஜஸின் முறை வேறு. ‘இக்கோப்பில் இவ்வரி இருக்க’ என்று எழுதவேண்டும். வரி இல்லையேல் கருவி சேர்க்கும், இருந்தால் வாளாவிருக்கும். எத்தனைமுறை இயக்கினும், எந்நிலையிலிருந்து தொடங்கினும், விளைவு ஒன்றே. கூட்டத்தில் ஒரே செய்தியைப் பத்துமுறை சொல்வோர் பத்துமுறை தொல்லை தருவர். ஒரு விருப்பத்தைப் பத்துமுறை நினைவூட்டுவோரால் அவ்விருப்பம் மாறுவதில்லை.

பின்னாளில் பர்ஜஸ் இச்சிந்தனையை ஒரு கோட்பாடாகவும் வளர்த்தார். 2004 அளவில் தொடங்கிய அதற்கு ‘வாக்குறுதிக் கோட்பாடு’ எனலாம். ஓர் உறுப்பு தன் நடத்தையைப் பற்றி மட்டுமே வாக்களிக்க முடியும். பிறிதொன்றின் நடத்தையைப் பற்றி வாக்களிக்கவோ, வெளியிலிருந்து அதனைக் கட்டாயப்படுத்தவோ முடியாது என்பது அதன் சாரம். ஆணையிடுவோன் அறியாத ஆயிரம் நிலைகள் ஆணையைப் பெறுவோனிடம் உண்டு. ஆகவே எட்டவேண்டிய நிலையை அறிவித்துவிட்டு, அதனை எட்டும் பொறுப்பை அங்கங்கே உள்ள உறுப்பிடம் விடுதலே உறுதியான வழி என்றார் அவர்.

இவ்வழியில் 2005 இல் லூக் கானீஸின் ‘பப்பெட்’, 2009 இல் ஆடம் ஜேக்கபின் ‘செஃப்’, 2012 இல் மைக்கேல் டீஹானின் ‘ஆன்சிபிள்’ ஆகியவை தோன்றின. இவற்றுள் ஆன்சிபிள் என்னும் பெயர் இலக்கியம் தந்தது. அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் 1966 இல் வெளியிட்ட புதினமொன்றில், விண்மீன்களுக்கிடையே கணமும் தாழ்க்காது செய்தி அனுப்பும் கற்பனைக் கருவிக்கு இட்ட பெயர் அது. புனைகதையாளர் படைத்த சொல்லொன்று, அரை நூற்றாண்டுக்குள் ஆயிரம் கணினிகளோடு ஒருங்கே பேசும் மெய்யான கருவியின் பெயராயிற்று.

கண்ணுக்கு ஒரு சுவர், வயிற்றுக்கு ஓர் அளவு

எழுத்தால் ஒரு குறை தீர்ந்தது. மற்றொரு குறை நின்றது. ஒரே வழங்கியில் குடியிருக்கும் பல மென்பொருள்கள் ஒன்றோடொன்று மோதின. ஒன்றுக்குத் தேவையான துணைக்கோப்பின் பழைய பதிப்பும், மற்றொன்றுக்குத் தேவையான புதிய பதிப்பும் ஒருங்கிருக்க இயலாமற் போயின. ஒரு வீட்டில் பல குடும்பம் என்றால் சுவர் வேண்டும்.

சுவரின் முதற்கல் 1979 இல் இடப்பட்டது. பெல் ஆய்வகத்து யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் ‘சிஹெச்ரூட்’ என்னும் வசதி வந்தது. ஒரு நிரலுக்குக் கோப்புக் கிளையொன்றைக் காட்டி, உலகம் இவ்வளவே என்று நம்பச் செய்வது அது. 2000 மார்ச்சில் வெளிவந்த ஃப்ரீபிஎஸ்டி நான்காம் பதிப்பில், டென்மார்க்கைச் சேர்ந்த பால் ஹென்னிங் காம்ப் உருவாக்கிய ‘ஜெயில்’ என்னும் சிறை சேர்ந்தது. அதனுள் இருப்போருக்கு முழு அதிகாரம் உண்டு. ஆனால் அச்சிறையின் எல்லைக்குள் மட்டும்.

லினக்ஸில் இப்பணி இருபுறமாக வளர்ந்தது. ஒரு நிரல் எதையெதைக் காணலாம் என்பதை வரையறுக்கும் பெயர்வெளிகள் 2002 முதல் ஒவ்வொன்றாக வந்தன. எவ்வளவு நினைவகத்தையும் கணிப்பு நேரத்தையும் அது உண்ணலாம் என்பதை வரையறுக்கும் பணியை 2006 இல் கூகுள் பொறியாளர் பால் மெனேஜ், ரோகித் சேத் ஆகியோர் தொடங்கினர். 2008 ஜனவரியில் அது லினக்ஸின் கருவகத்தில் இடம்பெற்றது. கண்ணுக்கு ஒரு சுவர், வயிற்றுக்கு ஓர் அளவு என்று இவ்விரண்டையும் சுருங்கச் சொல்லலாம். இவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தும் ‘எல்எக்ஸ்சி’ 2008 இலேயே வந்தது. ஆயினும் அதனைக் கையாளத் தெரிந்தோர் சிலரே.

ஏழும் ஒன்றும்

எழுத்தின்றிக் கையால் நடக்கும் தொழிலுக்கு நேரக்கூடிய கேடு எத்தகையது என்பதை நியூயார்க் பங்குச்சந்தை 2012 ஆகஸ்டு முதல் நாள் கண்டது. நைட் கேப்பிடல் என்னும் நிறுவனம் பங்கு வாங்கி விற்கும் தன் மென்பொருளைப் புதுப்பித்திருந்தது. அது எட்டு வழங்கிகளில் ஓடியது. புதிய நிரலை ஊழியர் ஒருவர் கையால் படியெடுத்தார். ஏழு வழங்கிகளுக்குப் போய்ச் சேர்ந்தது, எட்டாவது விடுபட்டது. அவர் செய்ததை மற்றொருவர் சரிபார்க்கும் முறை அங்கு இருக்கவில்லை.

எட்டாவது வழங்கியில் 2003 முதல் பயன்படாமல் கிடந்த பழைய நிரற்பகுதி ஒன்று, புதிய குறியீட்டைத் தனக்கிட்ட அழைப்பென்று கொண்டு விழித்துக்கொண்டது. வாடிக்கையாளர் தந்தவை 212 சிறு ஆணைகள். அவற்றை நிறைவேற்றப் புகுந்து, சுமார் 45 நிமிடத்தில் நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட கொள்வினை கொடுப்பினைகளை அது செய்துமுடித்தது. இழப்பு 46 கோடி டாலருக்கும் அதிகம் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையம் 2013 அக்டோபரில் வெளியிட்ட தீர்ப்பாணை கூறுகிறது. அதற்குள் அந்நிறுவனம் மற்றொன்றோடு இணைந்து தன் தனிவாழ்வை முடித்திருந்தது.

‘எட்டிலும் இந்நிரல் இருக்க’ என்னும் ஒருவரி எழுதப்பட்டு, அதனை ஒரு கருவி சரிபார்த்திருந்தால் எட்டாவது எந்திரம் தனித்து நின்றிராது. ஏவலின் இயல்பான குறை இது. ஏவியவர் மறந்தால், மறந்தது என்று சொல்ல எவரும் இல்லை.

பெட்டியின் கதை

1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூவார்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டன் நோக்கி ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பல் புறப்பட்டது. மேல்தளத்தில் 58 அலுமினியப் பெட்டிகள். அனுப்பியவர் சரக்குந்துத் தொழிலில் வளர்ந்த மால்கம் மக்லீன். அதுவரை மூட்டையாகவும் பீப்பாயாகவும் தனித்தனியே கப்பலில் ஏற்றிய சரக்குக்கு டன் ஒன்றுக்கு ஏறக்குறைய ஆறு டாலர் ஏற்றுகூலி ஆயிற்று. பெட்டிமுறையில் அது பதினாறு சென்ட் அளவுக்குக் குறைந்தது. உள்ளிருப்பது பருத்தியா பாத்திரமா என்று பாரந்தூக்கிக்குத் தெரியவேண்டியதில்லை. பெட்டியின் அளவு தெரிந்தால் போதும்.

இந்த உவமையைக் கணினிக்குக் கொண்டுவந்தவர் சாலமன் ஹைக்ஸ். 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த பைத்தான் மொழியாளர் மாநாட்டில், ஐந்து நிமிடம் மட்டுமே தரப்பட்ட சிற்றுரையில் ‘டாக்கர்’ என்னும் கருவியை அறிமுகம் செய்தார். டாக்கர் என்பது துறைமுகத் தொழிலாளியைக் குறிக்கும் சொல். மென்பொருளையும் அதற்குரிய துணைக்கோப்புகள் அனைத்தையும் ஒரே கட்டாக அடைத்து மூடினால், எழுதியவரின் மடிக்கணினியில் ஓடியவாறே எந்த வழங்கியிலும் அது ஓடும். அடைக்கும் முறை ஒரு சிறு கோப்பில் எழுதப்படும். அதனைப் படிப்பவர் எவரும் அதே கட்டை மறுபடி உருவாக்கலாம். எல்எக்ஸ்சி சிலருக்கே தந்ததை டாக்கர் பலருக்கும் எளிதாக்கியது.

தமிழர்க்கு இவ்வுவமை அந்நியமாகத் தோன்றாது. பாண்டத்தையும் கப்பலையும் ‘கலம்’ என்னும் ஒரே சொல்லால் குறித்த மொழி இது. கொண்டுசெல்லுதல், உள்ளே ஏற்று நிற்றல் என்னும் இரு பண்பும் அச்சொல்லில் முன்பே கூடியிருந்தன.

எனினும் பெட்டியை அடைப்பதற்கு டாக்கர் கோப்பில் எழுதப்படுபவை ‘இயக்கு’, ‘படியெடு’ என்னும் ஏவல்களே. பெட்டி ஒன்று, இரண்டு என்றால் போதும். பெட்டிகள் பல்லாயிரமானால் எதனை எந்தக் கப்பலில் ஏற்றுவது? கப்பலொன்று மூழ்கினால் அதிலிருந்தவற்றை எங்கே மாற்றுவது? நள்ளிரவில் ஒரு பெட்டி செத்துக்கிடந்தால் யார் எழுந்து பார்ப்பது?

மீகாமன்

இவ்வினாக்களைக் கூகுள் நிறுவனம் முன்பே சந்தித்திருந்தது. ‘போர்க்’ என்னும் உள்முறையொன்றை அது பத்தாண்டுக்கு மேலாக இயக்கிவந்தது. ஒரு தொகுதியில் பதினாயிரம் எந்திரம் அளவில் அம்முறை ஆண்டது என்று 2015 இல் அந்நிறுவனத்தார் வெளியிட்ட ஆய்வுரை கூறுகிறது. வாரந்தோறும் இருநூறு கோடிக்கு மேற்பட்ட கொள்கலன்களைத் தொடங்குவதாக 2014 இல் அங்கிருந்த பொறியாளர் ஜோ பீடா அறிவித்தார். அவரும் பிரெண்டன் பர்ன்ஸ், கிரெய்க் மக்லக்கி ஆகியோரும் தொடங்கிவைத்த புதிய முறை 2014 ஜூனில் அனைவருக்கும் திறந்துவைக்கப்பட்டது. முதல் முழுப்பதிப்பு 2015 ஜூலை 21 இல் வந்தது. அதன் பெயர் ‘குபர்னெட்டீஸ்’.

கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குச் சுக்கான் பிடிப்பவன் என்று பொருள். பழந்தமிழ் அவனை மீகாமன் என்றது. 1948 இல் நார்பர்ட் வீனர் கட்டுப்பாட்டியலுக்குச் ‘சைபர்நெட்டிக்ஸ்’ என்று பெயர் சூட்டியதும் இதே கிரேக்க வேரிலிருந்துதான். சுக்கான் பிடிப்பவன் ஒருமுறை திருப்பிவிட்டு உறங்குவதில்லை. காற்று ஒருபக்கம் தள்ளும். அவன் மறுபக்கம் திருப்புவான். செல்லவேண்டிய திசையும் செல்கின்ற திசையும் வேறுபடுந்தோறும் அவன் கை அசையும்.

குபர்னெட்டீஸின் உட்கரு இதுவே. ‘இம்மென்பொருளின் படிகள் மூன்று இருக்க’ என்று ஒருவர் எழுதித் தருகிறார். எந்த எந்திரத்தில் என்று அவர் சொல்வதில்லை. எவ்வாறு என்றும் சொல்வதில்லை. அவ்விருப்பம் ஒரு பொதுப் பதிவேட்டில் ஏறுகிறது. கண்காணிக்கும் நிரல்கள் இடையறாது இரண்டைப் பார்க்கின்றன: இருக்கவேண்டியது எது, இருப்பது எது. இரண்டு படிகளே ஓடினால் ஒன்றைத் தொடங்குகின்றன. நான்கு ஓடினால் ஒன்றை நிறுத்துகின்றன. எந்திரமொன்று எரிந்துபோனால் அதிலிருந்தவை வேறிடத்தில் எழுகின்றன. வியங்கோளுக்கு இலக்கணம் கூறிய பொதுமை இங்கே பொறியியலாகி நிற்கிறது: முன்னிலை இல்லை, சுட்டிய ஆள் இல்லை, இந்நிலை உளதாகுக என்னும் விருப்பம் மட்டும் உண்டு.

டாக்கர் நிறுவனமும் ‘ஸ்வார்ம்’ என்னும் தன் முறையை முன்வைத்தது. ஆயினும் 2017 அக்டோபரில் குபர்னெட்டீஸையும் அது ஏற்றுக்கொண்டது. 2019 நவம்பரில் பெருநிறுவனங்களுக்கான தன் வணிகப்பிரிவை மிராண்டிஸ் என்னும் நிறுவனத்துக்கு விற்றது. 2022 மே மாதம் வந்த பதிப்பில், டாக்கரோடு பேசுவதற்கென வைத்திருந்த இடைப்பகுதியைக் குபர்னெட்டீஸ் நீக்கியது. ஆனால் டாக்கர் வகுத்த பெட்டியின் வடிவம் 2015 முதலே பொதுநெறியாக்கப்பட்டுவிட்டது. பெட்டி நிலைத்தது, பெட்டியைச் செய்தவரின் முதன்மை நிலைக்கவில்லை.

பெயர் போன கதை

இம்மாற்றத்தில் முதலில் மறைந்தது பெயர். வழங்கிகளைச் செல்லப்பிராணிகளாகக் கொள்ளாமல் மந்தையாகக் கொள்ளுங்கள் என்னும் உவமையை, மைக்ரோசாஃப்டின் பில் பேக்கரிடமிருந்து எடுத்து 2012 அளவில் ராண்டி பயாஸ் பரப்பினார். பெயரிட்டதற்கு நோயென்றால் மருத்துவம் செய்வோம். எண்ணிட்டதற்கு நோயென்றால் அகற்றிவிட்டு வேறொன்றை நிறுத்துவோம் என்பது அதன் கருத்து. மாட்டுக்கும் பெயரிட்டு, அப்பெயரால் அழைத்துத் தண்ணீர் காட்டும் தமிழ் உழவருக்கு இவ்வுவமை பொருந்தாது. அது பெரும் பண்ணைகளின் நாட்டில் பிறந்த உவமை. ஆனால் அது சுட்டிய மாற்றம் மெய். இன்று ஒரு கொள்கலனின் பெயர், மென்பொருளின் பெயரும் பொருளற்ற எழுத்துக்கோவையும் சேர்ந்தது. சில மணி நேரத்தில் அது மறைந்து வேறொரு கோவை வரும். டான் லைப்ஸின் அறிவுரைக்கு அங்கு வேலையில்லை.

பெற்றது என்னவெனில், ஒருவர் நினைவில் அடைபட்டிருந்தது அனைவரும் படிக்கும் எழுத்தாயிற்று. எவர் எந்நாளில் எவ்வரியை மாற்றினார், ஏன் மாற்றினார் என்பது பதிவில் நிற்கிறது. நள்ளிரவில் எழுந்து ஓடும் வேலையின் ஒரு பகுதியை மீகாமன் ஏற்றுக்கொண்டான். பணியை விட்டுப் போகிறவர் தம்மோடு எந்திரத்தையும் கொண்டுபோவதில்லை.

வைதல்

வியங்கோள் வாழ்த்துக்கு மட்டும் உரியதன்று. ‘வாழ்க’ என்னும் அதே வாய்பாட்டில் ‘கெடுக’ என்பதும் அமையும். 2019 ஜூன் 2 அன்று கூகுளின் வலைப்பின்னலில் இது நேர்ந்தது. ஓரிடத்துப் பராமரிப்புக்காகச் சில பணிகளை நிறுத்தும் தன்னியக்கமுறை ஒன்று தொடங்கியது. பிழையான இரண்டு அமைப்புக் குறிப்புகளும் அம்முறையிலேயே இருந்த ஒரு வழுவும் கூடின. வலைப்பின்னலையே ஆளும் பணிகளைப் பல இடங்களில் ஒருசேர அது நிறுத்திவிட்டது. யூட்யூபும் ஜிமெயிலும், அந்நிறுவனத்தை நம்பிய பிறர் சேவைகளும் சில மணி நேரம் தடுமாறின. பழுதைக் கண்டறியும் கருவிகளும் நெரிசலுற்ற அதே வலைப்பின்னல் வழியாகவே செல்லவேண்டியிருந்தமையால் சீர்செய்தலும் தாமதமாயிற்று.

கருவி தவறிழைத்தது என்பதைவிட, எழுதியதை அது அப்படியே நிறைவேற்றியது என்பதே பொருந்தும். நைட் கேப்பிடலில் ஒரு கை ஓர் எந்திரத்தை மறந்தது. இங்கே ஒரு கருவி எதையும் மறக்காமல் எங்கும் செய்து முடித்தது. ஏவலின் பிழை ஓரிடத்தில் விழும்; வியங்கோளின் பிழை அது பொதுவாய் நிற்கும் இடமெங்கும் விழும். சொல்லின் வீச்சு பெருகப் பெருக, சொல்வோரின் பொறுப்பும் பெருகுகிறது.

இரு நிகழ்ச்சிகளுக்கும் பின் இத்தொழிலினர் கற்ற பாடம் கருவியைப் பற்றியதாக மட்டும் அமையவில்லை. இன்று பொறுப்புள்ள பணியிடங்களில், எழுதிய விருப்பம் நேரே மீகாமனிடம் போவதில்லை. முதலில் மற்றொருவர் அதனை வரிவரியாகப் படிக்கிறார். ‘மூன்று’ என்றது ஏன், ‘எங்கும்’ என்றது தகுமா, இச்சொல்லை வேறுவிதமாகக் கொள்ள இடமுண்டா என்று கேட்கிறார். அவர் ஒப்பிய பின்னரே அது நடைமுறைக்கு வருகிறது. அப்போதும் ஒரே நேரத்தில் எல்லா இடத்துக்கும் செல்லாமல் சிறிது சிறிதாகப் பரவவிடப்படுகிறது.

எழுதியதை அவையின்முன் வைத்துப் பிறர் படிக்கக் கேட்டுத் திருத்துதல் புலவர் உலகில் பழைய வழக்கம். சொல் பலித்துவிடும் என்று அஞ்சி, அறம் பாடுதலைப் புலவர்கள் விலக்கியதும் உண்டு. சொன்னது நடந்தேறும் உலகொன்றைப் பொறியாளர் கட்டிமுடித்தபோது, அங்கும் முதலில் தேவைப்பட்டது ஊன்றிப் படிக்கும் ஒரு துணைவரே.